உருகும் துளிகளில் ஒளிந்திருக்கும் வெப்பம்: நிலைமாற்றப் பால்மங்கள், ஓர் எளிய அறிமுகம்

0 டிகிரி செல்சியஸில் இருக்கும் 1 கிலோ பனிக்கட்டியை அதே 0 டிகிரியில் தண்ணீராக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். உருகி முடித்த அந்தத் தண்ணீருக்கு இன்னொரு 334 கிலோஜூல் கொடுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 80 டிகிரிக்குப் போய்விடும். முதல் 334 கிலோஜூல் உள்ளே போனபோது வெப்பமானி அசையவே இல்லை. ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்து அறிவியலாளர் 1760களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் இதை அளந்து காட்டினார். வெப்பநிலையை உயர்த்தாமல் பொருளின் நிலையை மட்டும் மாற்றும் இந்த வெப்பத்தைத்தான் உள்ளுறை வெப்பம் என்கிறோம்.

உருகும்போது வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, உறையும்போது திருப்பிக் கொடுக்கும் பொருளை வெப்பச் சேமிப்புக்குப் பயன்படுத்தினால் அது நிலைமாற்றப் பொருள். பனிக்கட்டியே ஒரு நல்ல நிலைமாற்றப் பொருள்தான். ஆனால் அதன் உருகுநிலை 0 டிகிரி என்பதை நம்மால் மாற்ற முடியாது. ஒரு அறையை 22 டிகிரியில் வைக்க வேண்டும், ஒரு பேட்டரியை 30 டிகிரிக்கு மேல் போகவிடக் கூடாது என்றால், அந்தந்த வெப்பநிலையில் உருகும் பொருள் வேண்டும்.

இங்கேதான் பாரஃபின்கள் கைகொடுக்கின்றன. மெழுகுவர்த்தியில் இருக்கும் அதே குடும்பம். கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்த மூலக்கூறுகள் இவை. சங்கிலி நீள நீள உருகுநிலை ஏறும். 14 கார்பன் கொண்ட டெட்ராடெக்கேன் சுமார் 6 டிகிரியில் உருகும். 16 கார்பன் கொண்ட ஹெக்ஸாடெக்கேன் 18 டிகிரியில், 18 கார்பன் கொண்ட ஆக்டாடெக்கேன் 28 டிகிரியில், 20 கார்பன் கொண்ட ஐகோசேன் சுமார் 37 டிகிரியில். எல்லாவற்றுக்கும் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 230, 240 கிலோஜூல் என்ற அளவில் இருக்கும். தேவையான வெப்பநிலையைச் சொல்லிவிட்டு அதற்கேற்ற சங்கிலியை எடுத்துக்கொள்ளலாம் என்பது எவ்வளவு பெரிய வசதி!

சரி, ஒரு பெட்டியில் ஆக்டாடெக்கேனை நிரப்பி, நடுவே தண்ணீர்க் குழாயை விட்டால் வேலை முடிந்ததா? முடியவில்லை.

கட்டியாக இருந்தால் என்ன சிக்கல்

பாரஃபின் வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். அதன் வெப்பக் கடத்துத்திறன் மீட்டருக்கு, டிகிரிக்கு சுமார் 0.2 வாட். தண்ணீரே அதைவிட மூன்று மடங்கு நன்றாகக் கடத்தும். வெப்பத்தைத் திரும்ப எடுக்கும்போது இந்தக் குறை அப்பட்டமாகத் தெரியும். குளிர்ந்த குழாயை ஒட்டிய பாரஃபின் முதலில் உறையும். உறைந்த அந்த அடுக்கே குழாய்க்கும் மீதிப் பாரஃபினுக்கும் நடுவில் போர்வையாகிவிடும். அடுக்கு தடிக்கத் தடிக்க வெப்பம் வெளியே வருவது மெதுவாகிக்கொண்டே போகும்.

ஒரு கணக்கு போடலாம். 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள பாரஃபின் பலகையை இரு பக்கமும் 5 டிகிரி வெப்பநிலை வித்தியாசத்தில் குளிரவைத்தால், முழுவதும் உறைய ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். சேமிப்பு நிறைய இருக்கிறது, ஆனால் அவசரத்துக்கு எடுக்க முடியாது.

இன்னொரு வகைச் சிக்கலை வரலாறு காட்டுகிறது. 1948இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டோவர் என்ற ஊரில் மரியா டெல்கெஸ் என்ற அறிவியலாளர் சூரிய வெப்பத்தால் மட்டுமே குளிர்காலத்தைச் சமாளிக்கும் ஒரு வீட்டின் வெப்ப அமைப்பை வடிவமைத்தார். கட்டடக் கலைஞர் எலினார் ரேமண்ட். வெப்பத்தைச் சேமிக்க அதில் வைத்தது கிளாபர் உப்பு, அதாவது நீரேறிய சோடியம் சல்பேட். அது சுமார் 32 டிகிரியில் உருகும், உள்ளுறை வெப்பமும் தாராளம். தொடக்கத்தில் அமைப்பு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் திரும்பத் திரும்ப உருகி உறைந்ததில் உப்பின் ஒரு பகுதி கொள்கலனின் அடியில் தங்கிப் பிரிந்துபோனது. சில குளிர்காலங்களுக்குப் பிறகு அந்த அமைப்பை நம்ப முடியாமல் போய்விட்டது. டெல்கெஸின் முயற்சியை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. ஒரு நிலைமாற்றப் பொருளுக்கான உண்மையான பரீட்சை முதல் உருகலில் இல்லை, ஆயிரமாவது உருகலில் இருக்கிறது என்பதை இந்தத் துறைக்கு முதலில் காட்டியது அந்த வீடு.

துளியாக்கினால்

கட்டி தடிமனாக இருப்பதுதான் தொல்லை என்றால் அதைச் சிறிதாக்குவோம். எவ்வளவு சிறிதாக? ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு. அந்தத் துளிகளைத் தண்ணீரில் மிதக்கவிடுவோம். இதுவே நிலைமாற்றப் பால்மம். பார்ப்பதற்கு வெள்ளை வெளேரென்று இருக்கும். துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெண்மை அது.

உருகவும் உறையவும் ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமனைப் பத்தில் ஒரு பங்காக்கினால் நேரம் நூறில் ஒரு பங்காகும். சென்டிமீட்டரிலிருந்து மைக்ரோமீட்டருக்கு இறங்கும்போது அளவு பத்தாயிரத்தில் ஒரு பங்காகிறது, நேரமோ பத்துக் கோடியில் ஒரு பங்காகிறது. மணிக்கணக்கு, மில்லிவிநாடியிலும் சிறு பகுதியாகச் சுருங்கிவிடுகிறது. துளிக்குள் வெப்பம் போய்ச் சேர ஆகும் நேரத்தைப் பற்றி அதன் பிறகு யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

இன்னொரு லாபமும் உண்டு, என் கணிப்பில் இதுதான் பெரியது. துளிகள் திடமாக உறைந்தாலும் சுற்றியிருக்கும் தண்ணீர் திரவமாகவே இருக்கிறது. ஆகவே முழுக் கலவையும் ஓடும். சேமிப்புப் பொருள் ஒரு பெட்டியில் உட்கார்ந்திருக்க, வேறொரு திரவம் போய் வெப்பத்தை வாங்கி வர வேண்டிய அவசியம் இல்லை. சேமிக்கும் பொருளே பம்பில் ஏறி, குழாயில் போய், சூடான இடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது.

எவ்வளவு லாபம்?

இந்தத் துறையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கணக்கைத்தான் சொல்லலாம் என்றால் இதைச் சொல்வேன்.

30 சதவீதம் ஆக்டாடெக்கேனும் 70 சதவீதம் தண்ணீரும் கொண்ட 1 கிலோ பால்மத்தை எடுத்துக்கொள்வோம். பாரஃபினின் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 240 கிலோஜூல் என்றால், இந்தக் கலவையில் அதன் பங்கு 72 கிலோஜூல். இது போக, கலவை சூடாவதற்கே டிகிரிக்கு சுமார் 3.6 கிலோஜூல் வேண்டும். வெறும் தண்ணீருக்கு 4.2. பாரஃபினின் தன்வெப்பம் தண்ணீரில் பாதிதான் என்பதால் கலவை இதில் கொஞ்சம் பின்தங்குகிறது.

இப்போது இந்தத் திரவம் 25 டிகிரியில் உள்ளே போய் 31 டிகிரியில் வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 6 டிகிரி. பால்மம் எடுத்துக்கொண்ட வெப்பம் சுமார் 93 கிலோஜூல். அதே இடைவெளியில் தண்ணீர் எடுத்திருக்கக்கூடியது 25. ஏறக்குறைய நாலு மடங்கு!

இடைவெளியை 20 டிகிரி ஆக்குவோம். பால்மம் 143, தண்ணீர் 84. லாபம் 1.7 மடங்காகச் சுருங்கிவிட்டது. 40 டிகிரி என்றால் 214க்கு எதிராக 167. இதற்காகச் செலவழித்து பாரஃபின் வாங்கி, அதைத் துளியாக்கி, காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டுமா என்ற கேள்வி வந்துவிடும்.

உள்ளுறை வெப்பம் ஒரு சுற்றுக்கு ஒரு முறைதான் கிடைக்கும். வெப்பநிலை இடைவெளி எவ்வளவு பெரிதானாலும் அந்த 72 கிலோஜூல் அதிகரிக்காது. தண்ணீரோ ஒவ்வொரு டிகிரிக்கும் தன் பங்கைச் சேர்த்துக்கொண்டே போகும். ஆகவே நிலைமாற்றப் பால்மத்தின் மதிப்பு முழுவதும் ஒரு குறுகிய வெப்பநிலை இடைவெளிக்குள் இருக்கிறது. 'தண்ணீரைவிட இத்தனை மடங்கு' என்று எங்காவது படித்தால், எந்த இடைவெளியில் என்ற கேள்வி உடனே மனதில் எழ வேண்டும். அந்த எண் சொல்லப்படவில்லை என்றால் மடங்குக் கணக்குக்குப் பொருளே இல்லை.

தொட்டி அளவில் பார்த்தால், 6 டிகிரி இடைவெளியில் 1,000 லிட்டர் தண்ணீர் சுமார் 7 கிலோவாட் மணி வெப்பத்தைச் சேமிக்கும். அதே தொட்டியில் இந்தப் பால்மம் சுமார் 24. வெறும் ஆக்டாடெக்கேனையே நிரப்பினால் 50ஐத் தாண்டும். கொள்ளளவில் பாதியை விட்டுக்கொடுத்து, ஓடும் தன்மையையும் வேகத்தையும் வாங்கிக்கொள்கிறோம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எப்படிச் செய்கிறார்கள்

எண்ணெயும் தண்ணீரும் தானாகக் கலக்காது. கலக்கி விட்டாலும் பிரியும். காரணம் பரப்பு ஆற்றல். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையில் இருக்கும் ஒவ்வொரு சதுர மீட்டர் எல்லைக்கும் ஆற்றல் செலவாகும், அதனால் எல்லையைக் குறைத்துக்கொள்ளவே இரண்டும் முயலும். 1 லிட்டர் பால்மத்தில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெயை 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளிகளாக உடைத்தால், அந்த எல்லைப் பரப்பு 1,800 சதுர மீட்டருக்கும் மேல் வரும். இவ்வளவு பரப்பையும் போர்த்திப் பாதுகாக்க சர்ஃபாக்டன்ட் எனப்படும் சோப்பு வகை மூலக்கூறுகள் தேவை. அவற்றின் ஒரு முனை தண்ணீரை நாடும், மறு முனை எண்ணெயை நாடும். அவை எல்லையில் வரிசையாக நின்று இழுவிசையைக் குறைத்து, இரண்டு துளிகள் மோதும்போது ஒன்றோடொன்று கலந்துவிடாமல் தடுக்கும்.

செய்முறை ஒன்றும் மர்மமில்லை. பாரஃபினை உருகுநிலைக்கு மேல் சூடாக்கி, சர்ஃபாக்டன்ட் சேர்த்த வெந்நீரில் விட்டு, அதிவேகச் சுழல் கலக்கியிலோ உயர் அழுத்தத்தில் குறுகிய துளை வழியாகச் செலுத்தும் கருவியிலோ மீயொலி அதிர்விலோ உடைப்பார்கள். குறிப்பிட்ட சில சர்ஃபாக்டன்ட்கள் சூடாகும்போது தண்ணீரைவிட எண்ணெயை அதிகம் நாடத் தொடங்கும். அந்த மாறும் புள்ளியைத் தாண்டிச் சட்டெனக் குளிரவைத்தால், பெரிய கருவி இல்லாமலேயே மிக நுண்ணிய துளிகள் கிடைத்துவிடும்.

கிளாபர் உப்பு போன்ற உப்பு நீரேறிகளை ஏன் இப்படிச் செய்வதில்லை என்று கேட்கலாம். அவை தண்ணீரில் கரைந்துவிடும். ஆகவே தண்ணீர்ப் பால்மத்தில் பாரஃபின், கொழுப்பு அமிலம், அவற்றின் எஸ்டர்கள் போன்ற கரையாத பொருட்களுக்குத்தான் இடம்.

உறைய மறுக்கும் துளிகள்

இந்தத் துறையின் மிகப் பெரிய தலைவலிக்கு வருவோம். 28 டிகிரியில் உருகும் பொருள் 28 டிகிரியில் உறையும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஒரு குடுவையில் இருக்கும் பாரஃபின் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொள்ளும், ஒரு டிகிரி முன்னே பின்னே. அதையே துளியாக்கிவிட்டால் கதை மாறுகிறது. 18 டிகிரியில் உருகும் ஹெக்ஸாடெக்கேன், நுண்துளியாக இருக்கும்போது 4 டிகிரி வரைகூட உறையாமல் திரவமாகவே இருக்கும். உருகுநிலைக்குக் கீழேயும் உறையாமல் இருப்பதை மீக்குளிர்வு என்பார்கள்.

ஏன் இப்படி? உறைதல் என்பது முதலில் ஒரு சிறு படிகக் கரு உருவாவதில் தொடங்குகிறது. சில மூலக்கூறுகள் தற்செயலாக ஒழுங்காக அடுக்கிக்கொண்டால் கரு பிறக்கும். ஆனால் அந்தக் கருவுக்கும் சுற்றியுள்ள திரவத்துக்கும் இடையில் ஒரு புதிய பரப்பு உண்டாகிறது, அதற்கு ஆற்றல் செலவு. கரு மிகச் சிறிதாக இருக்கும்போது படிகமாவதில் கிடைக்கும் லாபத்தைவிடப் பரப்புச் செலவு அதிகம், அதனால் கரு கரைந்துவிடும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கரு மட்டுமே வளரும். உருகுநிலைக்கு அருகில் அந்த அளவு பெரியது, குளிரக் குளிரச் சிறுத்துக்கொண்டே வரும்.

குடுவையில் இருக்கும் பாரஃபினில் ஏதாவது தூசி, சுவரின் கீறல், அசுத்தம் இருக்கும். அதன் மேல் ஒட்டிக்கொண்டு கரு எளிதாகப் பிறக்கும். ஒரே ஒரு இடத்தில் பிறந்தால் போதும், படிகம் குடுவை முழுக்கப் பரவிவிடும். பால்மத்திலோ 1 லிட்டரில் பல நூறு லட்சம் கோடித் துளிகள் இருக்கின்றன. ஒரு துளியில் பிறந்த படிகம் பக்கத்துத் துளிக்குப் போக வழியில்லை, நடுவில் தண்ணீர். ஆகவே ஒவ்வொரு துளியும் தனக்கான கருவைத் தானே பெற்றெடுக்க வேண்டும். மொத்தப் பாரஃபினில் ஆயிரக்கணக்கான தூசிகள் இருந்தாலும் பெரும்பாலான துளிகளில் ஒன்றுகூட இருக்காது. திரவங்களைத் துளிகளாக்கி அவற்றின் மீக்குளிர்வை அளக்கும் இந்த முறையை 1950களில் வளர்த்தெடுத்தவர் அமெரிக்க அறிவியலாளர் டேவிட் டர்ன்புல். 1961இல் பாரஃபின் துளிகளையும் அவர் இப்படி அளந்தார். கருவாக்கத்தைப் பற்றி அறிய அவருக்கு உதவிய அதே இயல்பு, வெப்பத்தைச் சேமிக்க நினைப்பவருக்கு எதிராக நிற்கிறது.

மேலே போட்ட கணக்கில் இதைப் பொருத்திப் பாருங்கள். ஆக்டாடெக்கேன் துளி 28 டிகிரியில் உருகி, 15 டிகிரியில்தான் உறைகிறது என்றால், ஒவ்வொரு சுற்றிலும் திரவத்தை 15 டிகிரிக்குக் கீழே கொண்டுபோயாக வேண்டும். 6 டிகிரியாக இருந்த இடைவெளி 16 ஆகிவிடுகிறது, நாலு மடங்கு லாபம் இரண்டு மடங்குக்கும் கீழே இறங்குகிறது. குளிரவைக்கும் இயந்திரமும் இன்னும் குறைந்த வெப்பநிலைக்கு இறங்கி வேலை செய்ய வேண்டும், மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். 25 டிகிரி என்றால் இரவுக் காற்றே இலவசமாகக் குளிரவைத்திருக்கக்கூடும், 15 டிகிரிக்கு அது போதாமல் போகலாம்.

இதற்கு மருந்து என்ன? பாரஃபினோடு உருகுநிலை அதிகமான இன்னொரு மெழுகையோ கொழுப்பு ஆல்கஹாலையோ சில சதவீதம் கலப்பார்கள். துளி குளிரும்போது அது முதலில் படிகமாகி, மீதிக்குக் கருவாக நிற்கும். எண்ணெயில் கரைந்திருப்பதால் எல்லாத் துளிகளுக்கும் தானாகவே போய்ச் சேரும் என்பது இதன் பெரிய பலம். நுண் சிலிக்கா, கார்பன் நானோகுழாய் போன்ற துகள்களையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு துளிக்குள்ளும் குறைந்தது ஒரு துகளாவது இருக்க வேண்டும் என்பது பெரிய நிபந்தனை. மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. நீண்ட வால் கொண்ட சர்ஃபாக்டன்ட்டைத் தேர்ந்தெடுத்தால், துளியின் தோலில் நிற்கும் அந்த வால்களே முதலில் உறைந்து ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும், உள்ளே இருக்கும் பாரஃபின் அதைப் பார்த்து அடுக்கிக்கொள்ளும். துளியைக் காப்பாற்றும் மூலக்கூறே உறைவதற்கும் வழிகாட்டுகிறது.

எதுவும் இலவசமில்லை. சேர்க்கும் ஒவ்வொரு சதவீதமும் உள்ளுறை வெப்பத்தைக் கொஞ்சம் தின்னும். சேர்க்கை துளியின் ஓரத்தில் படிகமானால் அடுத்து சொல்லப்போகும் ஆபத்தும் கூடும்.

துளிகள் துளிகளாகவே இருக்க

பாரஃபின் தண்ணீரைவிட லேசு. திரவ ஆக்டாடெக்கேனின் அடர்த்தி கன மீட்டருக்கு 775 கிலோ அளவில்தான். ஆகவே துளிகள் மெல்ல மெல்ல மேலே ஏறி ஒதுங்கும். ஸ்டோக்ஸ் விதிப்படி ஏறும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 5 மைக்ரோமீட்டர் துளி தனியாக இருந்தால் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் ஏறும். அரை மைக்ரோமீட்டர் துளி ஒரு நாள் முழுக்க ஏறினாலும் 3 மில்லிமீட்டரைத் தாண்டாது, அதுவும் அசையாத தொட்டியில்தான். நெருக்கமான பால்மத்தில் துளிகள் ஒன்றையொன்று மறிப்பதால் வேகம் இன்னும் குறையும். ஏறி ஒதுங்கிய துளிகளை மறுபடி கலக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பதால் இது சின்னக் கவலை.

அடுத்தது ஆஸ்ட்வால்ட் முதிர்வு. சிறிய துளிக்குள் அழுத்தம் அதிகம், அதனால் அதிலிருக்கும் எண்ணெய் தண்ணீரில் சற்றுக் கூடுதலாகக் கரையும். கரைந்தது பெரிய துளியில் போய்ச் சேரும். சிறியவை தேய்ந்து மறைய, பெரியவை மேலும் பெரிதாகும். நல்லவேளையாக நீண்ட பாரஃபின்கள் தண்ணீரில் ஏறக்குறைய கரைவதே இல்லை. சங்கிலி நீள நீள இந்தத் தொல்லை வேகமாகக் குறைந்துவிடும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது, உருகி உறையும் பால்மங்களுக்கென்றே உள்ளது. துளி பாதி உறைந்திருக்கும் நேரத்தில் படிகத்தின் கூர்முனை துளியின் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டும். அந்த நேரத்தில் பக்கத்துத் துளி வந்து மோதினால் முனை அதற்குள் குத்தி இறங்கும். இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை உருகும்போது இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய துளியாகிவிடும். பாலேட்டைக் கடையும்போது கொழுப்புத் துளிகள் ஒட்டித் திரண்டு வெண்ணெயாவதும் இதே நிகழ்வுதான். வெண்ணெய் வேண்டும் என்பவர் கடைகிறார். நமக்கோ பம்பே கடையும் மத்தாகிவிடுகிறது: குழாயில் வேகம், வளைவுகளில் மோதல், கூடவே பாதி உறைந்த துளிகள்.

அலமாரியில் ஆறு மாதம் பிரியாமல் இருந்தது என்ற சான்று எனக்குப் போதாததற்கு இதுவே காரணம். அசையாமல், ஒரே வெப்பநிலையில் நிற்கும் பால்மம் எவ்வளவு நாளும் இருக்கலாம். பம்பில் சுழன்றுகொண்டே உருகியும் உறைந்தும் ஆயிரக்கணக்கான சுற்றுகளைத் தாண்ட வேண்டும், தாண்டிய பிறகும் துளியின் அளவு மாறாமல் இருக்க வேண்டும்.

நானோ என்றாலே நல்லதா

இவ்வளவையும் படித்தால், துளியை இன்னும் சிறிதாக்குவதே எல்லாவற்றுக்கும் தீர்வு என்று தோன்றலாம். 100 நானோமீட்டர் துளி மேலே ஏறவே ஏறாது, வெப்பமும் நொடியில் போய்ச் சேரும். ஆனால் துளி சிறிதாகச் சிறிதாகப் பரப்பு கூடுகிறது, அதைப் போர்த்த சர்ஃபாக்டன்ட் கூடுதலாக வேண்டும், பாகுநிலை, அதாவது ஓட்டத்தை எதிர்க்கும் கெட்டித்தன்மை, ஏறுகிறது. தூசியோ கருவோ இல்லாத துளிகளின் எண்ணிக்கையும் கூடுவதால் மீக்குளிர்வும் மோசமாகிறது. உருகும் வேகமோ ஒரு மைக்ரோமீட்டரிலேயே தேவைக்கு மேல் இருக்கிறது. அதையும் தாண்டி வேகமாக்கி என்ன பயன்? பம்பில் சுற்றிக்கொண்டே இருக்கும் அமைப்புக்கு ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டிய அளவே பெரும்பாலும் போதும் என்பது என் கருத்து. மாதக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டிய தொட்டி என்றால் நுண்துளிக்கு நியாயம் உண்டு.

குழாயில் ஓடும்போது

30 சதவீதப் பால்மம் தண்ணீரைவிடப் பல மடங்கு கெட்டியாக ஓடும். பேச்சுக்கு ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்வோம். 20 மில்லிமீட்டர் குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தண்ணீர் ஓடினால் ஓட்டம் புரண்டு ஓடுமா, அடுக்கடுக்காக ஓடுமா என்று சொல்லும் ரெனால்ட்ஸ் எண் 20,000 அளவில் இருக்கும், நல்ல சுழற்சி ஓட்டம். அதே வெப்பத்தைச் சுமக்கப் பால்மத்துக்கு நாலில் ஒரு பங்கு வேகம் போதும். வேகம் நாலில் ஒன்று, பாகுநிலை ஐந்து மடங்கு: ரெனால்ட்ஸ் எண் 1,000க்கு அருகில் வந்துவிடும். 2,300க்குக் கீழே என்றால் வரிச்சீர் ஓட்டம்.

பம்புக்கு இது கொண்டாட்டம். இவ்வளவு மெதுவாக ஓடுவதால், பாகுநிலை கூடியும்கூட பம்ப் செலவழிக்கும் சக்தி பல மடங்கு குறையும். ஆனால் வெப்பம் சுவரிலிருந்து திரவத்துக்குள் போவது கடினமாகிறது. சுழற்சி ஓட்டத்தில் திரவம் புரண்டு புரண்டு சுவரைத் தொடும். வரிச்சீர் ஓட்டத்திலோ சுவரை ஒட்டிய அடுக்கு அங்கேயே நகர்ந்துகொண்டிருக்கும், நடுவில் போகும் துளிகள் உருகாமலே வெளியேறிவிடலாம். உருகாத துளி உள்ளுறை வெப்பத்தைச் சுமக்காது. ஆகவே தண்ணீருக்காக வடிவமைத்த வெப்பப் பரிமாற்றியில் தண்ணீரை எடுத்துவிட்டுப் பால்மத்தை ஊற்றினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். குறுகிய வழிகளும் கூடுதல் பரப்பும் கொண்ட தட்டு வகைப் பரிமாற்றிகளை இதற்கென்றே அளவெடுத்து அமைக்க வேண்டும்.

உருகும்போது பாரஃபின் சுமார் 10 சதவீதம் விரியும் என்பதால், மூடிய சுற்றில் விரிவுக்கான தொட்டியையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும்.

இதன் உறவினர்கள்

துளிக்கு சர்ஃபாக்டன்ட்டுக்குப் பதிலாகக் கெட்டியான பாலிமர் ஓடு போட்டால் அது நுண்ணுறைக் குழம்பு. துளிகள் ஒட்டிக்கொள்ளும் பேச்சே இல்லை, ஆனால் பம்பில் ஓடு உடையலாம், உடைந்தால் திரும்பச் சரியாகாது. பால்மமாவது கெட்டுப்போனால் சூடாக்கி மறுபடி உடைத்து எடுக்கலாம். பனித்துகளும் தண்ணீரும் சேர்ந்த பனிக்குழம்பு குளிரூட்டலில் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது, 0 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ வேலை என்றால் அதை வெல்வது கடினம்.

எங்கே பொருந்தும்

குறுகிய இடைவெளி எங்கெல்லாம் இயல்பாகவே இருக்கிறதோ அங்கெல்லாம். லித்தியம் அயனி பேட்டரிகள் நல்ல உதாரணம். அவை மனிதர்களுக்குச் சுகமான வெப்பநிலையை ஒட்டியே நன்றாக உழைக்கும், ஒரு தொகுப்பில் இருக்கும் கலங்களுக்கு இடையில் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது வழக்கமான இலக்கு. தண்ணீர் நுழையும் இடத்தில் குளிராகவும் வெளியேறும் இடத்தில் சூடாகவும் இருக்கும், அதனால் முதல் கலமும் கடைசிக் கலமும் ஒரே மாதிரி வாழாது. பால்மமோ வழி முழுக்க உருகிக்கொண்டே போவதால் வெப்பநிலை அதிகம் ஏறாது. ஜெர்மனியின் ஓபர்ஹவுசனில் உள்ள ஃபிரான்ஹோஃபர் உம்ஸிக்ட் ஆய்வு நிறுவனம் 2012இல் மின்சார கார் பேட்டரிகளுக்காக பாரஃபினும் தண்ணீரும் கிளைக்கால் என்ற உறைதடுப்புத் திரவமும் சேர்ந்த இப்படியொரு திரவத்தை அறிமுகப்படுத்தியது.

கூரையில் குழாய் பதித்துக் குளிரவைக்கும் கட்டடங்கள் இன்னொரு இடம். அங்கே தண்ணீர் பெரும்பாலும் 16, 18 டிகிரியில் போய் சில டிகிரி மட்டுமே சூடாகித் திரும்பும். இரவில் உறையவைத்துத் தொட்டியில் சேர்த்து, பகலில் ஓடவிடலாம். மின்சக்தியைக் கையாளும் மின்னணுக் கருவிகளையும் கணினி மையங்களையும் இதே தர்க்கத்தில் ஆராய்கிறார்கள்.

சூரிய வெந்நீர்த் தொட்டி மாதிரி 20 டிகிரியிலிருந்து 70 வரை ஏறி இறங்கும் அமைப்புக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். 50 டிகிரி இடைவெளியில் தண்ணீர் கிலோவுக்கு 209 கிலோஜூல் சேமிக்கும், 30 சதவீதப் பால்மம் சுமார் 250. அந்தக் கூடுதல் 40 கிலோஜூலுக்காக சர்ஃபாக்டன்ட், மீக்குளிர்வு, பாகுநிலை என்று எல்லாவற்றையும் சுமப்பதைவிட, தொட்டியை ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகக் கட்டிவிடலாம்.